ஏழு வருஷம் கழித்து மகன் பட்டம் வாங்குகிறான், விழாவுக்குப் போக மாட்டேன் என்கிறான். நான் அவனிடம் என்ன சொல்ல?

பட்டறைக்காரர்_கோவை

எல்லோருக்கும் வணக்கம். இங்கே மற்றவர்கள் எழுதுவதைப் படிப்பதோடு சரி, நான் எழுதுவது இதுதான் முதல் தடவை. போனில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

கோவை கணபதி பக்கம் சின்ன லேத் பட்டறை வைத்திருக்கிறேன். இரண்டு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், என் மாமனார் காலத்து ஷேப்பர் ஒன்று (டூல் முன்னும் பின்னும் போய் இரும்பைச் சீவுகிற மெஷின்). பம்ப்செட் கம்பெனிகளுக்கு ஷாஃப்ட், ஸ்லீவ் கடைந்து கொடுக்கிற ஜாப் ஒர்க். நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஒரே பையன். 2018ல் பிளஸ் டூ முடித்தான். 1200 மார்க் இருந்த கடைசி பேட்ச் அது. அரசுப் பள்ளி, தமிழ் மீடியம், 1038 எடுத்தான். எங்கள் இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் காலேஜ் வாசலை மிதித்தவர்கள் கிடையாது. முதல் பட்டதாரி சான்றிதழுக்காக தாலுகா ஆபீசில் வெயிலில் நின்றதுகூட அன்றைக்கு எனக்குப் பெருமையாக இருந்தது. சுயநிதி இன்ஜினியரிங் காலேஜ் ஒன்றில் மெக்கானிக்கல் எடு என்று சொன்னது நான்தான். அவனுக்கு என்ன விருப்பம் என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

முதல் செமஸ்டரில் இரண்டு அரியர். கணக்கும் பிசிக்ஸும். பள்ளிக்கூடத்தில் கணக்கில் நல்ல மார்க் எடுத்தவன், எப்படிப் போச்சு என்று எனக்குப் புரியவே இல்லை. கிளாசில் எல்லாம் இங்கிலீஷ், எழுதிப் போடுவதற்குள் அடுத்த பக்கம் போய்விடுகிறார்கள் என்று அவன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறான், என்னிடம் சொல்லவில்லை. மூன்றாவது செமஸ்டர் முடியும்போது அரியர் ஆறு. ஒரு பேப்பருக்கு 150 ரூபாய் பரீட்சைக் கட்டணம், ஒவ்வொரு முறையும் பணத்தை எண்ணிக் கொடுக்கும்போது நான் ஏதாவது ஒன்று சொல்லாமல் கொடுத்ததில்லை.

அப்புறம் கொரோனா. 2020 ஆகஸ்டில் அரியருக்குப் பணம் கட்டியவர்கள் எல்லாம் பாஸ் என்று அரசாங்கம் அறிவித்தது ஞாபகம் இருக்கும். ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டினார்கள். ஆர்டர் இல்லாமல் பட்டறை காய்ந்து கிடந்த நேரம், ஆனாலும் நான் அரை கிலோ மைசூர்பாகு வாங்கி அக்கம்பக்கத்தில் கொடுத்தேன். தொழில்நுட்பக் கல்வியைக் கவனிக்கிற மத்திய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ. அதை ஒப்புக்கொள்ளவில்லை, வழக்கு நடந்தது, 2021 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அந்த ஆல் பாஸை ஏற்க முடியாது, பரீட்சை வைத்தே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டது. அதையொட்டியே ஆன்லைனில் எழுதின ஐந்தாவது செமஸ்டர் ரிசல்ட்டும் வந்தது, அதில் மூன்று பேப்பர் போனது.

அன்றைக்கு சாயங்காலம் பட்டறையில் வேலைக்காரர்கள் இரண்டு பேர், என் மச்சினன், எல்லோரும் இருக்கும்போது நான் சொன்னேன்: "இவனப் படிக்க வெச்ச காசுக்கு ஒரு சி.என்.சி. மெஷின் வாங்கிப் போட்டிருந்தா அதாவது சம்பாரிச்சுக் குடுத்திருக்கும்."

அவன் எனக்கு டீ கொண்டுவந்திருந்தான். தூக்குப்போசியை லேத் பெட் மேல் வைத்துவிட்டு வெளியே போனான். அதற்குப் பிறகு பதினாலு மாசம் நாங்கள் இருவரும் பேசவில்லை. அவன் பேசவில்லை என்று சொல்வது தப்பு, அவன் முதலில் இரண்டு மூன்று தடவை வந்து நின்றான், நான்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அந்த பதினாலு மாசத்தில் அவன் பட்ட பாட்டை என் மனைவி மட்டும்தான் பார்த்தாள். ராத்திரி தூங்க மாட்டான், பகலில் எழ மாட்டான், சாப்பாட்டுத் தட்டு அப்படியே இருக்கும். அவளே விசாரித்து பஸ் ஏற்றி ஜி.எச்.க்குக் கூட்டிப்போய் மனநல டாக்டரிடம் காட்டினாள். கூட வாங்க என்று என்னைக் கூப்பிட்டாள். அங்கெல்லாம் நான் வர மாட்டேன், நாலு பேர் பார்த்தா என்ன நினைப்பாங்க என்று சொன்னேன். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை அவளும் அவனும் மட்டும்தான் போய் வந்தார்கள். மாத்திரை கொடுத்தார்கள், அதைவிட அந்த டாக்டர் உட்காரவைத்துப் பேசினார் என்று சொல்வாள். நடக்கக் கூடாதது ஏதாவது நடந்திருந்தால் என்று இப்போது நினைத்தால் ராத்திரியில் எழுந்து அவன் ரூம் கதவருகே போய் நிற்கிறேன்.

2022ல் அவனோடு சேர்ந்தவர்கள் முடித்து வெளியே போனார்கள். இவனுக்கு பதினொன்று அரியர். ஜூனில் ஒருநாள் பட்டறைக்கு வந்தான், ஆள் வரவில்லை என்று அவன் அம்மா அனுப்பியிருந்தாள். நான் ஷேப்பரில் ஒரு சாவிப்பள்ளம் (கீ-வே) வெட்டிக்கொண்டிருந்தேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே நின்றவன், "உள்ள சுத்தற வீல் ஒரே ஸ்பீடுதானுங்களே, அப்புறம் எப்படி முன்னால போறப்ப மெதுவாவும் திரும்பறப்ப வேகமாவும் வருது?" என்று கேட்டான். பதினாலு மாசம் கழித்து அவன் என்னிடம் பேசினது அதுதான். மெஷினை நிறுத்தி பக்கத்து மூடியைக் கழற்றினேன். பெரிய கியர், அதில் ஒரு பின், அந்தப் பின் பள்ளம் வெட்டின நீளமான ஆர்முக்குள் ஏறி இறங்கும். கையால் மெதுவாகச் சுற்றச் சொன்னேன். டூலைத் தாங்கிப் போகிற ராம் முன்னால் கிளம்புகிற இடத்திலும் முடிகிற இடத்திலும் அவனே கியர் மேல் சாக்பீசால் கோடு போட்டான். வெட்டுகிற பக்கம் சுற்று அதிகம், திரும்புகிற பக்கம் குறைவு, அவ்வளவுதான் விஷயம். "இது கினமேடிக்ஸ்ல வருதுங்கப்பா, குயிக் ரிட்டர்ன் மெக்கானிசம், ரெண்டு தடவ இந்தப் பேப்பர விட்டுட்டேன்" என்றான். முப்பது வருஷமாக அந்த மெஷினில் வேலை செய்கிறேன், அதற்கு இப்படி ஒரு பேர் இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அந்தச் சாக்பீஸ் கோட்டை அழிக்க வேண்டாம் என்று ஆட்களிடம் சொன்னேன், எண்ணெய் பட்டு தானாகப் போகும்வரை இருந்தது.

அந்தப் பேப்பரை அந்த நவம்பரில் பாஸ் செய்தான். பிறகு ஒவ்வொரு செமஸ்டரும் இரண்டு மூன்று. பகலில் பட்டறை, ராத்திரி படிப்பு. எம்-3 என்கிற மூன்றாவது கணக்குப் பேப்பர் மட்டும் விடவே இல்லை, ஆறு தடவை எழுதியிருப்பான். ஏழு வருஷத்துக்குள், அதாவது பதினாலு செமஸ்டருக்குள் முடிக்க வேண்டும் என்பது விதி. 2024 நவம்பர்-டிசம்பர் பரீட்சையில் 53 எடுத்து அதையும் முடித்தான், அதுவும் போயிருந்தால் ஒரே ஒரு வாய்ப்புதான் மிச்சம். ரிசல்ட் வந்த அன்றைக்கு போனைக் கொண்டுவந்து என்னிடம் காட்டினான், ஒன்றும் சொல்லவில்லை. நானும் "சரி கண்ணு" என்று மட்டும் சொன்னேன். சொல்ல வேண்டியது தொண்டையில் நின்றது.

இப்போது காலேஜில் இருந்து பட்டமளிப்பு விழாவுக்குத் தகவல் வந்திருக்கிறது. "ஜூனியர் பசங்க கூட நான் போயி நிக்கணுமா, ஆபீஸ்ல வாங்கிக்கறேனுங்க" என்கிறான். அவன் அம்மா முகம் வாடிப் போய் உட்கார்ந்திருக்கிறாள்.

எனக்கு இரண்டு கேள்வி. போய்த்தான் ஆக வேண்டும் என்று நான் சொல்லலாமா, அந்த உரிமை எனக்கு இருக்கிறதா? இரண்டாவது, அன்றைக்குச் சொன்ன வார்த்தைக்கு அவனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். என் அப்பா என்னிடம் கேட்டதில்லை, நான் யாரிடமும் கேட்டதில்லை, ஒரு அப்பா மகனிடம் அதை எப்படிக் கேட்பது என்று எனக்கு நிஜமாகவே தெரியவில்லை. விழா முடிந்து கேட்கலாமா, முன்னாலேயே கேட்க வேண்டுமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

---

கார்த்தி_திண்டுக்கல்

ஐயா, நான் உங்கள் மகன் இருந்த இடத்தில் இருந்தவன். 2013ல் இன்ஜினியரிங்கில் இ.இ.இ. (எலக்ட்ரிக்கல்) சேர்ந்து 2019ல் முடித்தேன், ஒரு கட்டத்தில் பதினேழு அரியர். அதனால் அவன் பக்கத்தில் இருந்து சொல்கிறேன்.

"ஜூனியர் பசங்க கூட நிக்கணுமா" என்பது வெளியே சொல்கிற காரணம். உள்ளே இருப்பது வேறு. எத்தனை வருஷம் ஆச்சு, எத்தனை அரியர் இருந்துச்சு என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்கிற பயம் ஒன்று. அதைவிட, இதைக் கொண்டாட எனக்கு என்ன தகுதி இருக்கு, நேரத்துக்கு முடிச்சவன் கொண்டாடலாம், நான் கடனை அடைச்சிருக்கேன் அவ்வளவுதானே என்று தோன்றும். எனக்கு அப்படித்தான் தோன்றியது.

நான் போகவில்லை. காலேஜ் ஆபீசில் ஜன்னல் வழியாக வாங்கினேன். ரெஜிஸ்டரில் கையெழுத்து போடச் சொன்னார்கள், ஒரு காக்கிக் கவரில் போட்டுக் கொடுத்தார்கள், பின்னாலே நின்றவர் டி.சி. வாங்க அவசரப்பட்டார், நகர்ந்து வழிவிட்டேன். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்துதான் கவரைப் பிரித்தேன். ஊருக்குப் போனபோது அப்பா தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். நீட்டினேன். கை முழுக்கச் சேறு, துண்டில் துடைத்துத் துடைத்துப் பார்த்தார், பிறகு "அழுக்காயிரும்ப்பா, அம்மாட்ட குடு" என்று சொல்லிவிட்டார். அவர் அதைக் கையில் வாங்கவே இல்லை. 2022ல் அப்பா இறந்துவிட்டார். அரை ஏக்கரை ஒத்திக்கு வைத்துப் படிக்க வைத்தவர், அந்த ஹாலில் ஒரு நாற்காலியில் வெள்ளை வேட்டியோடு உட்கார்ந்திருக்க வேண்டியவர். அதை அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டுவிட்டேன் என்று இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது.

அதனால் அவன் போக வேண்டும் என்றுதான் நான் சொல்வேன். ஆனால் நீங்கள் கட்டளை போடாதீர்கள். "எனக்கும் உங்க அம்மாவுக்கும் பார்க்கணும்னு ஆசையா இருக்கு" என்று மட்டும் சொல்லுங்கள். கட்டாயம் வேறு, ஆசை வேறு, அவனுக்கு அந்த வித்தியாசம் தெரியும்.

மன்னிப்பு விஷயம்: விழாவுக்கு முன்னால் கேளுங்கள். முடிந்த பிறகு கேட்டால் பாஸ் ஆனதால்தான் அப்பா இறங்கி வந்தார் என்று அவன் மனசில் பதிந்துவிடும். இரண்டு வாக்கியத்துக்கு மேல் பேசாதீர்கள். இரும்பு விலை, அந்த நேரத்துக் கஷ்டம், மச்சினன் தூண்டினது, எந்தக் காரணமும் சேர்க்காதீர்கள். சொல்லிவிட்டு அவன் பதில் சொல்ல வேண்டும் என்று முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள்.

---

பழனிச்சாமி_ஈரோடு

இதுக்கெல்லாம் மன்னிப்பு எதுக்குங்க? பெத்தவன் திட்டாம பக்கத்து வீட்டுக்காரனா திட்டுவான்? எங்கப்பா என்னை பெல்ட்டில் அடித்தார், நான் நன்றாகத்தான் இருக்கிறேன். நீங்கள் அன்றைக்குச் சொன்ன வார்த்தையின் ரோஷத்தில்தான் பையன் முடித்திருப்பான். விழாவுக்குக் கூட்டிப்போங்க, நல்ல ஓட்டலில் சாப்பாடு வாங்கிக் கொடுங்க, போதும். அப்பா தலை குனியக் கூடாது.

---

பட்டறைக்காரர்_கோவை

பழனிச்சாமி அண்ணா, நீங்கள் நல்லெண்ணத்தில் சொல்கிறீர்கள், தெரியும். நானும் ஒரு வருஷம் அப்படித்தான் என்னையே தேற்றிக்கொண்டேன். ஆனால் கணக்குப் பார்த்தால் ஒத்துவரவில்லை. நான் அந்த வார்த்தையைச் சொன்னபோது அரியர் ஒன்பது. பேசாமல் இருந்த காலத்தில் அது பதினொன்று ஆனது. ஷேப்பர் மூடியைத் திறந்த பிறகுதான் குறைய ஆரம்பித்தது. ரோஷம் வேலை செய்திருந்தால் அந்த பதினாலு மாசத்தில் செய்திருக்க வேண்டும்.

கார்த்தி தம்பி, நீங்கள் எழுதினதை மூன்று தடவை படித்தேன். உங்கள் அப்பா துண்டில் கையைத் துடைத்தார் என்ற இடத்தில் என்னால் மேலே படிக்க முடியவில்லை, எனக்கும் கை எப்போதும் கட்டிங் ஆயில்தான். முன்னாலேயே கேட்கிறேன். காரணம் சொல்ல மாட்டேன்.

---

செல்வி_தேனி

அண்ணா, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், மனசில் பட்டதைச் சொல்கிறேன். இவ்வளவு எழுதினீர்கள், மகனிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது என்று கேட்டீர்கள். அண்ணியைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லையே? இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை பஸ்ஸில் கூட்டிப்போய் ஓ.பி. வரிசையில் உட்கார்ந்து, மாத்திரை வாங்கி, வீட்டுக்கு வந்து ஒன்றும் நடக்காதது போல உங்களுக்குச் சோறு போட்டிருக்கிறார்களே, அந்த ஒரு வருஷம் அவர்கள் யாரிடம் போய் அழுதிருப்பார்கள்? என் வீட்டுக்காரர் போன பிறகு என் மகளை நான் தனியாகத் தூக்கிச் சுமந்தேன், அது விதி. அண்ணி நீங்கள் இருக்கும்போதே தனியாகச் சுமந்திருக்கிறார்கள். முதலில் போய் அவர்களிடம் சொல்லுங்கள்.

இன்னொன்று, என் அனுபவம். மகள் பி.காம். இரண்டாம் வருஷம் படிக்கும்போது அவள் அப்பா தவறினார். காலேஜை விட்டுவிட்டாள், ஜவுளிக்கடையில் வேலைக்குப் போனாள், அப்புறம் தபால் வழியில் சேர்ந்து முடித்தாள், மொத்தம் ஆறு வருஷம். எனக்குத் தலைகால் புரியவில்லை, சொந்தத்தில் நாற்பது பேரைக் கூப்பிட்டு பிரியாணி போட்டேன், அவள் போட்டோ போட்டு ஃபிளக்ஸ் வேறு. பந்தியில் உட்கார்ந்து என் பெரியப்பா மகன் சத்தமாகக் கேட்டான், "மூணு வருஷப் படிப்புதான இது, எப்ப சேர்ந்த நீ?" என்று. அவள் பரிமாறிக்கொண்டிருந்த ரசவாளியைக் கீழே வைத்துவிட்டு மாடிக்குப் போனவள் எல்லோரும் கிளம்பிப் போகும்வரை இறங்கி வரவில்லை. அவளுக்காகச் செய்தேன் என்று நினைத்தேன், எனக்காகத்தான் செய்திருக்கிறேன். அதனால் ஒரு வேண்டுகோள்: யாரையும் கூப்பிடாதீர்கள். மச்சினனைக் கூப்பிடவே கூப்பிடாதீர்கள். வாட்ஸ்அப்பில் போட்டோ போடுவதென்றாலும் தம்பியிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

இதைப் படிக்கிற மற்ற அம்மா அப்பாக்களுக்கு: பிள்ளை தூங்காமல் சாப்பிடாமல் ரூமுக்குள்ளேயே இருந்தால் சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரியிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. 104க்கு அடிக்கலாம். 2022 அக்டோபரில் இருந்து 14416 என்ற எண்ணும் இருக்கிறது, எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. நானே ஒருநாள் ராத்திரி இரண்டு மணிக்குப் பேசியிருக்கிறேன், என் மகளுக்காக இல்லை, எனக்காக.

---

ஓய்வு_பெற்ற_ஆசிரியர்

இருபத்தெட்டு வருஷம் பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் பாடம் எடுத்தவன், கடைசி ஐந்தாறு வருஷம் தேர்வுப் பிரிவையும் பார்த்தேன். முதலில் நடைமுறை விஷயம் சொல்லிவிடுகிறேன். தகவல் வந்திருக்கிறதென்றால் பையன் பேர் பட்டியலில் இருக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலான கல்லூரிகளில் அதற்கு முன்பதிவு கேட்பார்கள், கடைசித் தேதி தாண்டினால் கவுனும் கிடைக்காது, மேடையும் கிடைக்காது, எனவே தேதியை இன்றைக்கே பாருங்கள். பெற்றோருக்கு எத்தனை பேருக்கு அனுமதி என்றும் அதிலேயே இருக்கும். பட்டச் சான்றிதழை வாங்கினதும் பேர், இனிஷியல், பிரிவு, தேர்ச்சி பெற்ற மாதம், வருஷம் எல்லாம் சரியா என்று அங்கேயே பாருங்கள். பிளஸ் டூ மார்க் ஷீட்டில் இருப்பது போலவே இருக்க வேண்டும், பிற்பாடு திருத்துவது பெரிய அலைச்சல். லேமினேஷன் செய்யாதீர்கள், வேலைக்கோ வெளிநாட்டுக்கோ அட்டெஸ்டேஷன் கேட்டால் சிக்கல் வரும்.

இனி என் மனசில் இருப்பது. தமிழ் மீடியத்தில் ஆயிரத்துக்கு மேல் எடுத்த பிள்ளைகள் முதல் செமஸ்டரில் சரிவதை ஒவ்வொரு வருஷமும் நான் பார்த்தேன். முதல் வரிசையில் உட்கார்ந்து பளிச்சென்று பார்ப்பார்கள், அக்டோபர் வந்தால் பின் வரிசைக்குப் போய்விடுவார்கள். வெப்பவியலில் வருகிற என்ட்ரோபி என்றால் என்ன என்று தெரியாமல் இல்லை, கேள்வித்தாளில் என்ன கேட்கிறான் என்பது புரியாது, புரிந்தாலும் எழுத வாக்கியம் வராது. அண்ணா பல்கலைக்கழகம் 2010ல் சிவிலும் மெக்கானிக்கலும் தமிழ் வழியில் ஆரம்பித்தது, ஆனால் தன் சொந்தக் கல்லூரிகளில்தான். உங்கள் பையன் போல சுயநிதிக் கல்லூரியில் சேர்ந்தவர்களுக்கு அது எட்டவில்லை. 2023 மே மாதம் சில கல்லூரிகளில் அதையும் நிறுத்துவதாக அறிவித்தார்கள், எதிர்ப்பு வந்த பிறகு திரும்பப் பெற்றார்கள். இப்போது 7.5 சதவீத ஒதுக்கீட்டில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் நிறையப் பேர் வருகிறார்கள், சீட்டும் கட்டணமும் கிடைத்துவிட்டது, அந்த முதல் மூன்று மாசத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும். அது நாங்கள் செய்திருக்க வேண்டிய வேலை. எல்லோருக்கும் செய்ய முடிந்தது என்று என்னால் சொல்ல முடியாது. அறுபது பேர் வகுப்பில் சிலபஸ் முடிக்கிற ஓட்டத்தில் நானும் எத்தனையோ பேரை விட்டிருக்கிறேன்.

குயிக் ரிட்டர்ன் மெக்கானிசத்தை நான் கரும்பலகையில் வட்டம் போட்டு, கோணம் குறித்து, விகிதம் கணக்குப் போட்டு எடுப்பேன். கால்வாசிப் பேருக்குக்கூடப் புரிந்திருக்காது. நீங்கள் மூடியைத் திறந்து காட்டினீர்களே, பல வருஷம் நான் எடுத்த பாடத்தைவிட அது நல்ல பாடம், மனசாரச் சொல்கிறேன்.

பையனிடம் இதைச் சொல்லுங்கள். மேடைக்குப் பேர் வாசிக்கும்போது எந்த வருஷம் சேர்ந்தான் என்று வாசிப்பதில்லை. பழைய பேட்ச் பையன்கள் நாலைந்து பேர் ஒவ்வொரு விழாவிலும் வருவார்கள், கடைசி வரிசையில் சேர்ந்து உட்காருவார்கள், தனியாக இருக்க மாட்டான். கீழே உட்கார்ந்திருக்கும் எங்களுக்கு அவர்கள் யார் என்று தெரியும். எம்-3 ஆறு தடவை எழுதினவன் மேடை ஏறும்போது ஸ்டாஃப் வரிசையில் கைதட்டல் எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியாது. ராங்க் வாங்கினவன் எங்கள் உதவி இல்லாமலும் வாங்கியிருப்பான். இவனைப் போன்றவர்கள் முடித்துவிட்டார்கள் என்று தெரியும் அன்றைக்குத்தான் எனக்குச் சம்பளம் வாங்கின திருப்தி.

---

கார்த்தி_திண்டுக்கல்

சார் சொன்ன லேமினேஷன் விஷயத்தை எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள், நான் செய்து மாட்டிக்கொண்டேன்.

பட்டறை ஐயா, என்ன ஆச்சு என்று முடிந்தால் எழுதுங்கள்.

---

பட்டறைக்காரர்_கோவை

நாலு நாளாக எழுதாததற்கு மன்னிக்கணும். ஒரு அவசர ஆர்டர்.

தங்கச்சி செல்வி எழுதினதைப் படித்த ராத்திரி தூக்கம் வரவில்லை. சனிக்கிழமை சாப்பிட்ட பிறகு என் மனைவியிடம் சொன்னேன். ஜி.எச்.க்கு உன்னோட நான் வந்திருக்கணும், வராம விட்டுட்டேன், தப்புத்தான் என்றேன். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள், திரும்பவே இல்லை, தண்ணீர்க் குழாயை மட்டும் நிறுத்தினாள். கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு, முதல் தடவை போன அன்றைக்கு சீட்டு எழுதுகிற இடத்தில் அப்பா வரலையா என்று கேட்டார்கள், ஊர்ல இல்லைன்னு சொல்லிட்டேன் என்றாள். நான் அன்றைக்குப் பட்டறையில்தான் இருந்தேன். இத்தனை வருஷம் இதை அவள் என்னிடம் சொன்னதில்லை.

ஞாயிறு பட்டறை லீவு. ஷேப்பருக்கு ஆயில் விடணும், வா என்று பையனைக் கூப்பிட்டேன். இரண்டு பேரும் போனோம். மூடியைக் கழற்றி வைத்துவிட்டு அவன் ஆயில் கேனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது சொன்னேன். சி.என்.சி. மெஷின்னு அன்னைக்கு எல்லார் முன்னாலயும் சொன்னேன், சொல்லியிருக்கக் கூடாது, அப்புறம் நீ பேச வந்தப்ப பேசாமயும் இருந்தேன், அது அதவிடப் பெரிய தப்பு, என்னை மன்னிச்சுக்க சாமி என்றேன். கார்த்தி தம்பி சொன்ன மாதிரி காரணம் எதுவும் சொல்லவில்லை. முகத்தையும் பார்க்கவில்லை, கையில் இருந்த வேஸ்ட் துணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவன் ஆயில் விடுவதை நிறுத்தவில்லை. எல்லா ஓட்டையிலும் விட்டு முடித்துவிட்டு, "அது மறக்காதுங்கப்பா, மறந்துட்டேன்னு பொய் சொல்ல முடியல" என்றான். சரி கண்ணு என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "அம்மாகிட்ட சொன்னீங்களா?" என்று கேட்டான். நேத்து ராத்திரி சொன்னேன் என்றேன். அதற்குத்தான் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். தங்கச்சி, அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது உங்களால்தான்.

விழாவைப் பற்றி அப்போது நான் எதுவும் பேசவில்லை. மூடியை மாட்டும்போது மட்டும், "எனக்கும் அம்மாவுக்கும் பாக்கணும்னு ஆசை, உனக்குப் பிடிக்கலைன்னா வேண்டாம்" என்றேன். பதில் சொல்லவில்லை. திங்கள்கிழமை சார் எழுதினதை அவனிடம் போனில் காட்டினேன், அந்தக் கடைசி வரிசை விஷயத்தை. நேற்று ராத்திரி பத்து மணிக்கு எங்கள் ரூமுக்கு வந்து, "ஃபார்ம் போடறேன், பேரண்ட்ஸ் ரெண்டு பேர்தான் உள்ள விடுவாங்களாம், மாமாவெல்லாம் வேண்டாம், சர்டிபிகேட்ட அம்மா கைல மொதல்ல குடுப்பேன்" என்றான். அவன் அம்மா எழுந்து உட்கார்ந்து அந்த நேரத்துக்கே பீரோவைத் திறந்து எந்தச் சேலை என்று பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

சார், ஒரு சந்தேகம். பிளஸ் டூ மார்க் ஷீட்டில் இனிஷியல் பேருக்குப் பின்னால் இருக்கிறது, ஆதாரில் முன்னால் இருக்கிறது. ஃபார்மில் மார்க் ஷீட்டில் இருப்பது போலத்தானே போட வேண்டும்? இன்னும் அனுப்பவில்லை, உங்களைக் கேட்டுவிட்டு அனுப்பலாம் என்று வைத்திருக்கிறான். விழா வருகிற சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை. அன்றைக்குப் பட்டறை லீவு என்று ஆட்களிடம் சொல்லிவிட்டேன்.